சென்னையின் ஒரு குத்து, பலெர்மோவின் மூன்று குத்து

பலெர்மோவின் வியா ரோமா சாலையிலிருந்து படியிறங்கினால் வுச்சீரியா. ரெனாட்டோ குத்தூசோ 1974 இல் தீட்டிய பெரிய ஓவியத்தில் இறைச்சியும் மீனும் பழமும் காய்கறியும் நெருக்கியடித்துக் கிடக்கிற சந்தை இதுதான். இன்று அது மிகவும் சுருங்கிவிட்டது. பகலில் சில கடைகள் திறக்கும். இரவானால் இளைஞர் கூட்டமும் எண்ணெய்ச் சட்டியில் கடலைமாவுப் பனெல்லே பொரிகிற வாசனையும் தெருவை நிறைக்கும். இந்தப் பழைய நகரத்தின் சந்துகளிலும் அவற்றைச் சுற்றிலும் 1980களிலிருந்து ஈழத் தமிழர்கள் குடியேறினார்கள். வீட்டு வேலை, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, உணவகச் சமையற்கட்டு என்று பிழைத்தார்கள். மோந்தே பெல்லெக்ரினோ மலையில் இருக்கும் புனித ரோசாலியா குகைக் கோயிலுக்குச் சைவர்களும் கத்தோலிக்கர்களுமாக ஏறிப்போய் நேர்த்தி வைத்தார்கள். பிள்ளைகள் பிறந்தன. அந்தப் பிள்ளைகளில் மூத்தவர்கள் இப்போது தாங்களே தாயாகும் வயதில் இருக்கிறார்கள்.

இப்படி ஒரு தெருவில் வசிக்கும் தமிழ்க் கர்ப்பிணிக்குக் கர்ப்பகால நீரிழிவு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யாழ்ப்பாணத்துப் பேச்சில் சொன்னால் சீனி வருத்தம். கேள்வி சிறியதாகத் தெரியலாம். ஆனால் இதற்கு இரண்டு நகரங்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன. இரண்டு பதிலுக்கும் பின்னால் மருத்துவ ஆய்வுகள் நிற்கின்றன. இரண்டும் ஒரே உடலைத்தான் அளக்கின்றன. சென்னையில் பரிசோதிக்கப்படும் பெண்ணும் வுச்சீரியாவில் வசிக்கும் பெண்ணும் ஒரே வம்சாவளிக்காரர்கள், ஒரே அரிசிச் சோற்றில் வளர்ந்தவர்கள். அப்படியிருக்க, எந்தப் பதில் சரி என்று எடைபோடாமல் இரண்டையும் மதித்து ஒதுங்கிக்கொள்வது அந்தப் பெண்ணுக்கு நியாயம் ஆகாது.

முதலில் சென்னை. பேராசிரியர் வி. சேஷையாவும் அவருடைய குழுவினரும் 2000களின் தொடக்கத்தில் சென்னையில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தபோது, நூற்றில் ஏறத்தாழ 16 பேருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருப்பதாகக் கண்டார்கள். பிறகு தமிழ்நாட்டில் சமூக அளவில் நடத்திய ஆய்வில் நகரத்தில் 17.8, சிறுநகரத்தில் 13.8, கிராமத்தில் 9.9 விழுக்காடு என்று வந்தது. கிராமத்திலேயே பத்தில் ஒருவர் என்றால், ஆபத்து யாருக்கு என்று பொறுக்கியெடுத்துச் சோதிப்பதற்கு அர்த்தமில்லை. எல்லாரையும் சோதித்தாக வேண்டும். தமிழ்நாடு அரசு 2007 இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டு பேருந்து மாறி வரும் பெண்ணை, நாளை வெறும் வயிற்றோடு வா என்று திருப்பி அனுப்பினால் அவள் திரும்பி வருவாள் என்பதற்கு என்ன உறுதி? அந்த நடைமுறை அறிவிலிருந்து பிறந்ததுதான் டிப்சி முறை. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு குத்து. டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நோய் என்று முடிவு. இந்திய அரசின் தேசிய வழிகாட்டுதலும் இதையே எடுத்துக்கொண்டது. முதல் வருகையில் ஒரு முறை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை.

பலெர்மோவில் கதை வேறு. இத்தாலியச் சுகாதார அமைச்சகமும் தேசிய சுகாதார நிறுவனமும் வெளியிட்ட 2011 ஆம் ஆண்டுப் பதிப்பு வழிகாட்டுதலின்படி எல்லாரையும் சோதிக்க வேண்டியதில்லை. ஆபத்துக் காரணி உள்ளவரை மட்டும் சோதித்தால் போதும். 35 வயதோ அதற்கு மேலோ ஆனவர், உடல் எடை கூடியவர், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நீரிழிவு உள்ளவர், முன்பு பெரிய குழந்தை பெற்றவர், முந்தைய கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியவர், நீரிழிவு மிகுந்த பிரதேசங்களைச் சேர்ந்த குடும்பத்தவர் ஆகியோர் இதில் அடங்குவர். இவர்களுக்கு 24 முதல் 28 வாரத்துக்குள் வெறும் வயிற்றில் ஒரு குத்து, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று. 92, 180, 153 என்ற மூன்று எல்லைகளில் எதைத் தொட்டாலும் நோய்தான். அங்குள்ள பெண்கள் இதைக் 'குர்வா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆபத்து மிக அதிகம் உள்ளவர்களுக்கு 16 முதல் 18 வாரத்திலேயே ஒரு முன்சோதனையும் உண்டு.

ஆக, சென்னை எல்லாரையும் கூப்பிட்டு எளிதாக அளக்கிறது. பலெர்மோ சிலரை மட்டும் கூப்பிட்டு நுணுக்கமாக அளக்கிறது. யாரைச் சோதிப்பது, எப்படிச் சோதிப்பது, எந்த எல்லையில் கோடு போடுவது ஆகிய மூன்றும் தனித்தனிக் கேள்விகள். விவாதங்களில் இவை பெரும்பாலும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. சேஷையா குழுவைப் பாராட்டுபவர்கள் எல்லாரையும் சோதிக்கும் அவர்களுடைய கொள்கையின் சரியைக் காட்டி, சோதனை முறையின் பிழையையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். இத்தாலிய முறையின் ஆதரவாளர்களோ சோதனை நுட்பமாக இருப்பதைச் சொல்லி, வாசலிலேயே பலர் நின்றுவிடுவதைப் பேசாமல் விடுகிறார்கள்.

யாரைச் சோதிப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தக் கேள்வியில் சென்னை சரி. இத்தாலியப் பட்டியலில் தெற்காசியா இருக்கிறது. ஆனால் அடைப்புக்குறிக்குள் குறிப்பாகச் சொல்லப்படும் நாடுகள் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம். இலங்கையின் பெயர் அங்கே இல்லை. விதியைக் கவனமாகப் படிக்கும் மருத்துவர் இலங்கையும் தெற்காசியாதானே என்று சேர்த்துக்கொள்வார். அவசரத்தில் பட்டியலைப் பார்த்து டிக் போடுகிறவர் சேர்க்காமல் போகலாம். அதைவிடச் சிக்கலானது இரண்டாம் தலைமுறை. பலெர்மோவிலேயே பிறந்து, சிசிலியப் பேச்சு பேசி, இத்தாலியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் 26 வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். மெலிந்த உடல். முதல் கர்ப்பம். தந்தைக்கோ தாய்க்கோ நீரிழிவு இருக்கிறதா என்று அவளுக்கே தெரியாது, ஏனென்றால் அவர்கள் சோதித்துப் பார்த்ததில்லை. பட்டியலில் அவளை உள்ளே விடக்கூடிய ஒரே வாசல் குடும்பத்தின் பூர்வீகம். அதைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றினால்தான் அவள் சோதிக்கப்படுவாள். எல்லாரையும் சோதிக்கும் முறையில் இப்படி ஒருவரின் கவனத்தை நம்பியிருக்க வேண்டிய நிலை வராது.

செலவைக் காரணம் காட்ட முடியாது. ஆவணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கர்ப்பிணிக்கு மருத்துவப் பாதுகாப்பு உண்டு என்று இத்தாலியின் 1998 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் சொல்கிறது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரையும் ஒரு பெண்ணை நாட்டைவிட்டு வெளியேற்ற முடியாது என்பதும் அதே சட்டம்தான். மனிதத்தன்மை உள்ள சட்டம் இது. மனதாரப் பாராட்டுகிறேன். 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கொன்சுல்தோரியோ என்னும் குடும்ப ஆலோசனை நிலையங்களும் கட்டணமின்றிக் கர்ப்பிணிகளைக் கவனிக்கின்றன. வாசல் இப்படித் திறந்திருக்கும் நாட்டில், உள்ளே வந்த பிறகு யாருக்குச் சோதனை என்று சல்லடை போடுவது பொருந்தவில்லை.

எப்படிச் சோதிப்பது என்ற அடுத்த கேள்வியில் என் மதிப்பீடு தலைகீழாக மாறுகிறது. டிப்சி முறைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகளில் முக்கியமானது சென்னையில் 800 பெண்களிடம் நடந்து 2009 இல் வெளிவந்தது. வெறும் வயிற்றில் செய்தாலும் சாப்பிட்டபின் செய்தாலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. அதே சென்னையில் வி. மோகன் குழுவினர் 1,031 கர்ப்பிணிகளுக்கு முதலில் சாப்பிட்ட நிலையிலும், சில நாட்களுக்குள் வெறும் வயிற்றிலும் சோதனை செய்து 2014 இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர் எதிரானது. வெறும் வயிற்றுச் சோதனையில் நோய் உள்ளவர் என்று தெரிந்தவர்களில், உலக சுகாதார நிறுவனத்தின் 1999 அளவுகோலின்படி 27.7 விழுக்காட்டினரைத்தான் டிப்சி முறை பிடித்தது. பன்னாட்டு நீரிழிவு-கர்ப்ப ஆய்வுக் குழுக்களின் சங்கம் 2010 இல் வகுத்த அளவுகோலின்படி பார்த்தால் 22.6 விழுக்காடுதான். நோய் இல்லாதவரை இல்லை என்று சொல்வதில் அது நூற்றுக்கு 97க்கு மேல் சரியாக இருந்தது. ஆனால் நோய் உள்ளவரில் பத்தில் ஏழு பேர் கைநழுவிப் போனார்கள்.

ஒரே ஊரில் இரண்டு ஆய்வுகள் இப்படி முரண்பட்டால் எதை நம்புவது? நான் பின்னதை நம்புகிறேன். எண்ணிக்கை கூடுதல் என்பதற்காக அல்ல, உடலியங்கியல் அதன் பக்கம் நிற்பதால். சற்று முன்பு சாப்பிட்டவரின் கணையம் விழித்திருக்கும். இன்சுலின் சுரந்துகொண்டிருக்கும்போது அடுத்து வரும் குளுக்கோஸை உடல் முன்னைவிட எளிதாகக் கையாளும். எனவே இரண்டு மணி நேர அளவு இறங்கிவிட வாய்ப்பு அதிகம். அது மட்டுமல்ல. வெறும் வயிற்றில் மட்டும் சர்க்கரை கூடி, இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிடும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க டிப்சியிடம் ஆயுதமே இல்லை. இட்லி சாப்பிட்டு வந்தவரும், பழைய சோறு சாப்பிட்டு வந்தவரும், ஒன்றும் சாப்பிடாதவரும் ஒரே எல்லைக்கோட்டில் நிறுத்தப்படுகிறார்கள். இப்படி ஆளுக்கு ஆள் நிலைமை மாறும் சோதனையை முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம். நோய் இல்லை என்று தீர்ப்பு எழுத அதைப் பயன்படுத்தக்கூடாது.

ஆனாலும் மோகன் குழுவின் எண்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒரு சோதனை இன்னொரு சோதனையோடு ஒத்துப்போகிறதா என்றுதான் அந்த ஆய்வு பார்த்தது. தவறவிடப்பட்ட பெண்களுக்கும் அவர்களின் குழந்தைகளுக்கும் பிறகு என்ன கேடு வந்தது என்று அது சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை மறந்தால் அளவுகோலையே நோய் என்று எண்ணிவிடுவோம்.

டிப்சியை முற்றாகத் தள்ளிவிடாதபடி என்னைத் தடுப்பது ஓர் அமெரிக்க ஆய்வு. கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பில் 23,792 பெண்களிடம் நடந்து 2021 இல் வெளிவந்த ஹில்லியர் குழுவின் ஆய்வு அது. வெறும் வயிற்றில் வந்து முழுச் சோதனை செய்ய வேண்டிய பிரிவில் 66 விழுக்காட்டினரே அந்தச் சோதனையைச் செய்தார்கள். சாப்பிட்ட நிலையில் முதற்கட்டச் சல்லடை, தேவைப்பட்டால் அடுத்தது என்ற பிரிவில் 92 விழுக்காடு. காப்பீடு உள்ள, கார் ஓட்டிக்கொண்டு வருகிற பெண்களிலேயே மூன்றில் ஒருவர் வெறும் வயிற்றுச் சோதனையிலிருந்து நழுவினால், வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணைப் பற்றி சேஷையா குழு கவலைப்பட்டது முழுக்க நியாயம்.

அந்தக் கவலை வுச்சீரியாவுக்கும் பொருந்தும் என்பதை இத்தாலியர்கள் கவனிக்கவில்லை. 2001 ஆம் ஆண்டின் தாய்மைப் பாதுகாப்புச் சட்டத்தில், கர்ப்பப் பரிசோதனைக்காக வேலை நேரத்தில் சம்பளத்தோடு போய்வரலாம் என்று ஒரு விதி இருக்கிறது. ஆனால் வீட்டுப் பணியாளர்களுக்கு எந்தெந்த விதிகள் பொருந்தும் என்று அதே சட்டம் தனியாகச் சொல்லும் இடத்தில் இந்த விதி சேர்க்கப்படவில்லை. தொழில் ஒப்பந்தம் மருத்துவருக்காக அனுமதிக்கும் மணி நேரங்களை நம்பியிருக்க வேண்டும். ஒப்பந்தமே இல்லாமல் வேலை செய்பவருக்கு அதுவும் இல்லை. காலை ஏழு மணிக்கு ஒரு முதியவரைக் குளிப்பாட்ட வேண்டிய பெண் எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு ஆய்வகத்தில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போயிற்று. குர்வா இலவசம்தான். ஆனால் அதற்கு அவள் கொடுக்கும் காலை நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. பலெர்மோவின் சோதனை மருத்துவக் கண்ணோட்டத்தில் சிறந்தது. அதைச் செய்துகொள்ளும் வழியைப் பற்றி மட்டும் போதுமான அளவு யோசிக்கப்படவில்லை.

மூன்றாவது கேள்விதான் மிகக் கடினம். கோட்டை எங்கே போடுவது? 92, 180, 153 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் ஹாப்போ ஆய்வில் போய் நிற்கும். 2008 இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஒன்பது நாடுகளின் 15 மையங்களில் 25,505 பெண்கள் பங்கேற்றார்கள். சர்க்கரை அளவு ஏற ஏற, பெரிய குழந்தை, அறுவைப் பிரசவம், பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்குதல், தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலின் உயர்தல் ஆகிய அபாயங்கள் சீராக ஏறின. இந்த அளவு வரை ஆபத்தில்லை, இதற்கு மேல் ஆபத்து என்று பிரிக்கும் இடம் எங்குமே தென்படவில்லை. பிறகு நிபுணர்கள் கூடிப் பேசி, சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால் கேடு நேரும் வாய்ப்பு விகிதம் (odds ratio) 1.75 ஆகும் இடத்தில் கோடு போட்டார்கள். ஆக, அது இயற்கை போட்ட கோடு அல்ல. மனிதர்கள் உடன்பட்டுப் போட்டது. அந்த 15 மையங்கள் சிகாகோவிலிருந்து பெல்ஃபாஸ்ட், பாங்காக், சிங்கப்பூர், பார்படோஸ் வரை பரவியிருந்தன. தெற்காசியாவில் ஒன்றுகூட இல்லை. உலகில் இந்த நோய் மிகுந்த பகுதிகளில் ஒன்றை விட்டுவிட்டு உலகத்துக்கான கோடு போடப்பட்டது. இது சிறிய குறையல்ல.

கோடு நகர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒஸ்லோவின் குரூருடாலன் பகுதி ஆய்வு நல்ல சாட்சி. புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு மிக அருகில் வரும் ஆய்வு இது, ஏனென்றால் பங்கேற்ற தெற்காசியர்களில் பாகிஸ்தானியரோடு இலங்கை வம்சாவளியினரும் கணிசமாக இருந்தார்கள். பழைய உலக சுகாதார நிறுவன அளவுகோலில் பங்கேற்பாளர்களில் 13.0 விழுக்காட்டினர் நோயாளிகள். புதிய அளவுகோலைச் சற்று மாற்றிப் பொருத்தியபோது 31.5 விழுக்காடு. பெண்கள் மாறவில்லை, அவர்கள் இரத்தம் மாறவில்லை. எண்ணைத் திருத்தியதும் மூன்றில் ஒருவர் நோயாளி ஆனார். ஒரு பெண்ணுக்கு நீ நோயாளி என்று சொல்வது இலேசான செயலா? அன்றிலிருந்து விரல் நுனியைக் குத்திக்கொள்கிறாள், சோற்றைக் கண்டு அஞ்சுகிறாள், அறுவைப் பிரசவம் என்று மருத்துவர் சொன்னால் கேள்வி கேட்கும் தைரியத்தை இழக்கிறாள். இந்தச் சுமைக்கு ஈடான பயன் இருக்க வேண்டும்.

பயன் இருக்கிறதா? சிகிச்சையே வீண் என்று யாரும் சொல்ல முடியாது. 1,000 பெண்களிடம் நடத்திய ஆஸ்திரேலிய ஆய்வில் (2005) சிகிச்சை பெற்ற பிரிவில் குழந்தைக்கு நேரும் கடுமையான கேடுகள் 4 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்கு இறங்கின. லேசான கர்ப்பகால நீரிழிவு பற்றிய அமெரிக்க ஆய்வில் (2009) முதன்மை அளவுகளில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் பெரிய குழந்தை, தோள் சிக்கிக்கொள்ளுதல், அறுவைப் பிரசவம், இரத்த அழுத்தக் கோளாறு எல்லாம் குறைந்தன. பிரச்சினை, கோட்டைக் கீழிறக்கிக் கூடுதலாகப் பிடிக்கப்படும் பெண்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதில். ஹில்லியர் ஆய்வில் வெறும் வயிற்று முழுச் சோதனைப் பிரிவில் 16.5, முதற்கட்டச் சல்லடைப் பிரிவில் 8.5 விழுக்காட்டினருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. முக்கிய முடிவுகள் எதிலும் வேறுபாடு இல்லை. நியூசிலாந்தின் ஜெம்ஸ் ஆய்வில் (2022) 4,061 பெண்கள். தாழ்ந்த கோட்டில் 15.3, உயர்ந்த கோட்டில் 6.1 விழுக்காட்டினர் நோயாளிகள் ஆனார்கள். பெரிய குழந்தைகள் 8.8, 8.9 விழுக்காடு. வேறுபாடே இல்லை. ஆனால் அதே ஆய்வில் இரண்டு கோடுகளுக்கும் இடையில் விழுந்த பெண்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது, சிகிச்சை பெற்றவர்களுக்குப் பெரிய குழந்தை 6.2 விழுக்காடு, பெறாதவர்களுக்கு 18.0. ஒட்டுமொத்த ஊருக்குப் பயன் தெரியாமலும் தனிப் பெண்ணுக்குப் பயன் கிடைத்தும் இருக்கலாம் என்பதை இந்த ஒரே ஆய்வு காட்டுகிறது. அதை ஒரு பக்கம் மட்டும் மேற்கோள் காட்டுபவர்களை நம்பாதீர்கள்.

இந்த எல்லா ஆய்வுகளிலும் பெரிய குழந்தை என்பதே முக்கியமான அளவாக இருக்கிறது. தமிழ்க் குழந்தைக்கு அது பொருத்தமான அளவா? புணேயில் சி.எஸ். யாஜ்னிக் குழுவினர் கிராமத்துக் குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். எடையில் இந்தியக் குழந்தைகள் ஏறத்தாழ 2.7 கிலோ, ஆங்கிலேயக் குழந்தைகள் 3.5 கிலோ. தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறியவை. ஆனால் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து பிறந்தும் கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கிற உடல் அது. தாயின் சர்க்கரை செய்யும் கேட்டைத் தராசு காட்டாமல் போகலாம். 3.1 கிலோவில் பிறக்கும் தமிழ்க் குழந்தையைப் பார்த்து எல்லாம் நலம் என்று குறிப்பெழுதும் மருத்துவர், குழந்தை உள்ளே எப்படி வளர்ந்தது என்பதைக் கவனிக்கவில்லை. பிராட்ஃபோர்டில் நடந்த பெரிய ஆய்வு (2015) தெற்காசியப் பெண்களுக்குக் கோடு வெள்ளையினப் பிரித்தானியப் பெண்களுக்கு உள்ளதைவிடத் தாழ வேண்டும், வெறும் வயிற்றில் 94 அளவிலும் இரண்டு மணி நேரத்தில் 130 அளவிலும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அங்கே தெற்காசியர் என்றால் பெரும்பாலும் பாகிஸ்தான் வம்சாவளியினர். அவர்களின் எண்ணை அப்படியே யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குப் பொருத்த எனக்குத் துணிவில்லை. ஆனால் இரண்டு மணி நேர எல்லையாக இத்தாலி வைத்திருக்கும் 153ஐவிட, சென்னையின் 140 அந்த 130க்கு அருகில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். சென்னையின் எண் நமது உடலுக்கு நெருக்கமாக இருக்கலாம். சாப்பிட்ட வயிற்றில் அளப்பதால்தான் அது வலுவிழக்கிறது.

கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே சிகிச்சை தொடங்குவது பற்றியும் ஒரு சொல். ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, சுவீடன், இந்தியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் 802 பெண்களிடம் நடந்த டோபோஜிஎம் ஆய்வு (2023), 20 வாரத்துக்கு முன்பே சிகிச்சை தொடங்கியவர்களிடம் குழந்தைக்கு நேரும் கேடுகளின் தொகுப்பு 24.9 விழுக்காடு, தொடங்காதவர்களிடம் 30.5 விழுக்காடு என்றது. பயன் உண்டு. ஆனால் சர்க்கரை குறைவாகவே உயர்ந்திருந்தவர்களிடம் சிறிய குழந்தைகள் கூடுதலாகப் பிறந்ததையும் அது பதிவு செய்தது. ஏற்கெனவே சிறிய குழந்தைகளைப் பெறும் நம் பெண்களிடம் இதை அலட்சியப்படுத்த முடியாது. உணவைக் கண்மூடித்தனமாக வெட்டுவதும் சிகிச்சைதான் என்று நினைத்துக்கொள்ளும் வீடுகளில் இது உண்மையான ஆபத்து. இத்தாலிய உணவு அட்டவணைகள் பாஸ்தாவை வேகவைக்காத நிலையில் கிராம் கணக்கில் சொல்வது வழக்கம். பிட்டும் இடியப்பமும் சம்பலும் உண்ணும் வீட்டில் அந்தத் தாளை நீட்டினால், அவள் எதையும் அளக்காமல் ஒரு வேளைச் சோற்றை நிறுத்திவிடுவாள். உணவு அறிவுரை தமிழில், தமிழ்ச் சமையற்கட்டின் அளவில் இருக்க வேண்டும். இது பண்பாட்டு மரியாதைக்காகக் கேட்கும் சலுகை அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

இப்போது தீர்ப்பு. எல்லாரையும் சோதிப்பது என்ற கொள்கையில் சென்னை வெல்கிறது. இத்தாலி தன் பட்டியலைக் கைவிட வேண்டும், குறைந்தது இலங்கையின் பெயரையாவது அதில் எழுத வேண்டும். சோதனை முறையில் பலெர்மோ வெல்கிறது. வெறும் வயிற்று அளவு இல்லாத எந்தச் சோதனையையும் நோயில்லை என்பதற்குச் சான்றாக ஏற்கக்கூடாது. வேறு சோதனைக்கு வழியே இல்லாத இடத்தில் மட்டும் டிப்சி நிற்கலாம். சென்னை மாநகரிலும், ஆய்வகம் உள்ள தாலுகா மருத்துவமனைகளிலும் அதைத் தொடர்வதற்கு இன்று காரணம் இல்லை. கோட்டைப் பொறுத்தவரை இரு தரப்பினரும் தங்களிடம் உள்ள ஆதாரத்தைவிடக் கூடுதலான உறுதியோடு பேசுகிறார்கள். நமது பெண்களுக்குக் கோடு தாழ வேண்டும் என்பது நிறுவப்படவில்லை, பொய்யென்றும் ஆகவில்லை. நிறுவப்படும் வரை இருக்கும் கோட்டை வைத்துக்கொண்டு, கோட்டருகில் விழும் பெண்களுக்கு மருந்துக்கு முன் உணவும் நடையும் என்று நிதானமாகப் போவதே நேர்மை.

ஆனால் இரண்டு நகரங்களும் சேர்ந்து தோற்கிற இடம் பிரசவத்துக்குப் பின். கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. 2009 ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு ஏழு மடங்குக்கு மேல் என்றது. இலங்கையில் பத்து ஆண்டு கழித்துப் பார்த்த சிறிய ஆய்வொன்றில் அத்தகைய பெண்களில் பாதிக்கும் மேலானோர் நீரிழிவுக்காரர்களாகியிருந்தார்கள். இத்தாலிய விதிப்படி பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும். கைக்குழந்தையோடு, வேலைக்குத் திரும்பும் அவசரத்தோடு இருக்கும் தாய்க்கு அது கடைசிக் கவலை. பிள்ளைக்குத் தடுப்பூசி போட வரும் அதே நாளில் தாயின் சோதனையையும் வைத்தால் என்ன? இதற்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவையில்லை.

வாழ்க்கைமுறையை மாற்றினால் போதும் என்று எளிதாகச் சொல்பவர்களும் இந்தியா, வங்கதேசம், இலங்கை ஆகிய மூன்று நாடுகளில் நடந்த லிவிங் ஆய்வைப் (2022) படிக்க வேண்டும். ஏறத்தாழ 1,600 தாய்மார்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், வாழ்க்கைமுறைப் பயிற்சி பெற்ற பிரிவில் 25.5 விழுக்காட்டினருக்கும், வழக்கமான கவனிப்புப் பிரிவில் 27.1 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நிலை மோசமானது. வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல. மிதமான அறிவுரை போதவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று படிப்பவர்களோடு உடன்பட மாட்டேன்.

எந்தக் கோடு நமக்குப் பொருந்தும் என்று பார்க்கப் பலெர்மோவில் ஓர் ஆய்வு நடத்தலாம். நகரில் பல்கலைக்கழக மருத்துவமனையும் கொன்சுல்தோரியோக்களும் இருக்கின்றன. ஒரே ஊரில், ஒரே சட்டத்தின் கீழ், இலவசக் கவனிப்போடு வாழும் தமிழ்ச் சமூகமும் இருக்கிறது. இத்தகைய ஆய்வுகளில் மொழி தெரியாதவர்கள் என்று பெண்களை விலக்கிவிடுவது பழக்கமாகிவிட்டது. இங்கே அதைத் திருப்பிப்போட்டு, தமிழ் பேசும் செவிலியர் அல்லது மொழிபெயர்ப்பாளரோடு தொடங்க வேண்டும். ஒவ்வொரு தமிழ்க் கர்ப்பிணிக்கும் வெறும் வயிற்று அளவு, ஒரு மணி, இரண்டு மணி அளவுகள். பிறக்கும் குழந்தையின் எடையோடு தோல் மடிப்புத் தடிமனும். ஓராண்டு கழித்துத் தாய்க்கு ஒரு சோதனை, ஐந்தாண்டு கழித்து இன்னொன்று. 92 நமக்குச் சரியா, 140 சரியா என்ற கேள்விக்கு அந்தப் பதிவேட்டில் விடை கிடைக்கும்.